அமெரிக்காவில் உரிமம் இல்லாமலே அல்ட்ராலைட் ஓட்டலாமாமே, அது பாதுகாப்பானதா?

அல்ட்ராலைட் என்ற மிக இலகுவான சிறு பறக்கும் ஊர்தியை அங்கே உரிமமின்றி ஓட்டலாம் என்பது உண்மைதான். பாதுகாப்பானதா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, நீங்கள் எந்தத் திடலில், எப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து பறக்கிறீர்கள் என்பதையே அது அதிகம் பொறுத்திருக்கிறது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு புல்தரை ஓடுபாதையில் வார இறுதிகளில் பறந்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1982 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 'பார்ட் 103' என்ற விதிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒருவர் மட்டுமே அமரலாம். வெற்று எடை 254 பவுண்டுக்குள் (சுமார் 115 கிலோ) இருக்க வேண்டும். எரிபொருள் தொட்டி 5 கேலனுக்கு, அதாவது 19 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடாது. முழு விசையில் நேராகப் பறந்தாலும் 55 நாட் (knot) வேகத்தை, அதாவது மணிக்குச் சுமார் 102 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த வரம்புகளுக்குள் இருந்து, பொழுதுபோக்குக்காக மட்டும் பறப்பவருக்கு உரிமம், பதிவு எண், மருத்துவச் சான்று எதுவும் தேவையில்லை. அதற்கு ஈடாக இருட்டில் பறக்கக்கூடாது, ஊர் நெரிசலுக்கும் திறந்தவெளிக் கூட்டத்துக்கும் மேலே போகக்கூடாது, கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் முன் அனுமதியின்றி நுழையக்கூடாது என்று சில தடைகள் உண்டு. இந்தத் தடைகளைச் சற்றுக் கவனித்துப் படித்தால், தரையில் இருப்பவரையும் மற்ற விமானங்களில் இருப்பவரையும் காப்பதுதான் அவற்றின் நோக்கம் என்பது புரிந்துவிடும். ஓட்டுபவரின் உயிர் ஓட்டுபவர் பாடு. (இந்தியாவில் மைக்ரோலைட் எனப்படும் இதுபோன்ற இலகு விமானத்துக்குப் பதிவும் விமானி உரிமமும் வேண்டும், இந்தத் தாராளத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.)

இதன் விளைவு ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சட்டப்படி இது விமானக் கணக்கில் வராததால், விழுந்து ஒருவர் இறந்தாலும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பொதுவாக விசாரிக்க வருவதில்லை. உள்ளூர்க் காவல் அலுவலகம் ஒரு குறிப்பு எழுதும், நொறுங்கிய குழாய்களைக் குடும்பத்தார் எடுத்துப்போவார்கள், இரங்கல் கூட்டத்தில் "தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போய்விட்டார்" என்று யாராவது சொல்வார்கள். அந்த வாக்கியத்தின்மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அதற்குப் பிறகு, கேபிள் அறுந்ததா, எஞ்சின் நின்றதா, திரும்பும்போது வேகம் போய்விட்டதா என்று கேட்பவன் மரியாதை தெரியாதவன் ஆகிவிடுகிறான்.

விசாரித்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஜான் வால்டனின் மரணம் ஓர் எடுத்துக்காட்டு. வால்மார்ட் நிறுவனரின் மகனான அவர், 2005 ஜூனில் வயோமிங் மாநிலத்தில் 'சிஜிஎஸ் ஹாக் ஆரோ' என்ற இலகு விமானத்தில் பறந்தபோது விழுந்து இறந்தார். அது பரிசோதனை வகை விமானமாகப் பதிவாகியிருந்தது; அந்த விபத்தை வாரியம் ஆராய்ந்தது. வாலில் உள்ள எலிவேட்டர் என்ற அசையும் பலகையை இயக்கும் குழாயின் பின்பக்கப் பூட்டு வளையம் சரியாகப் பொருத்தப்படாததால் குழாய் நகர்ந்து, கேபிளின் இறுக்கம் தளர்ந்து, மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு கைவிட்டுப் போனது என்று கண்டறியப்பட்டது. இதைப் படித்த எவரும் அடுத்த முறை அந்த வளையத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஏறமாட்டார்கள். பதிவில்லாத அல்ட்ராலைட்டில் ஒருவர் விழுந்தால் இப்படி ஓர் அறிக்கை கிடைப்பது அரிது. பிரிட்டனில் மைக்ரோலைட் விபத்துகளையும் அரசின் விபத்து ஆய்வுப் பிரிவு ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது. ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும். நாங்கள் சுதந்திரம் என்று பெருமைப்படுவதில் பாதி, இப்படிப்பட்ட அறிக்கைகள் இல்லாத வெறுமைதான்.

உண்மையில் ஆளைக் கொல்வது எது? பெரும்பாலான பழைய ஊர்திகளில் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். எந்த நேரத்திலும் நின்றுபோகலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எஞ்சின் நிற்பது மட்டும் கொல்வதில்லை, இறங்குவதற்கு ஒரு வயல் கிடைத்தால் போதும். ஆனால் இந்த ஊர்திகளுக்கு எடை குறைவு, காற்றுத் தடை அதிகம். விசை போன மறுகணமே வேகமும் போய்விடும். புரொப்பெல்லர் இறக்கைக்கு மேலாக, பின்னோக்கி இருக்கும் அமைப்பில் விசை நின்றதும் மூக்கு தானாகவே மேலெழவும் கூடும். உடனே கட்டுக்கோலை முன்னே தள்ளாவிட்டால் இறக்கை தூக்குவிசையை இழந்து, ஸ்டால் ஆகி விழும். சிறிய செஸ்னா விமானத்தில் பழகியவருக்கு இங்கே அந்தப் பழக்கமே எதிரி; அதில் சில வினாடி யோசிக்க இடம் உண்டு, இதில் இல்லை. பல ஆண்டு அனுபவமுள்ள விமானிகள் "இது வெறும் பொம்மை" என்று பயிற்சியின்றி ஏறுவதைக் கண்டால் எனக்குத் திக்கென்று இருக்கும்.

புதியவரின் சிக்கல் வேறு. முன்பு சில சங்கங்களுக்கு இருந்த விலக்கின்படி, இரண்டு இருக்கை கொண்ட அல்ட்ராலைட்டிலேயே பயிற்சி தரலாம். இலகு விமானம் ஓட்டுவதற்கான 'ஸ்போர்ட் பைலட்' என்ற எளிய உரிமத்தின் விதி வந்தபின், 2008 ஜனவரி இறுதியோடு அந்த விலக்கு முடிந்தது. பயிற்றுநர்கள் பலர் விலகினார்கள். அதனால் பழைய ஊர்தி ஒன்றை வாங்கி, ஓடுபாதையில் ஓட்டி, சிறிது எழும்பி, மறுபடி இறக்கி, தானே கற்றுக்கொள்ளும் வழக்கம் பெருகியது. இந்தக் காக்கைத் தாவலை மூத்தவர்கள் சிலர் இன்னும் ஆதரிக்கிறார்கள். நான் ஏற்பதில்லை. பத்தடி உயரத்தில், ஸ்டால் வேகத்துக்குச் சற்றே மேலே, ஓடுபாதை முடியப்போகும் இடத்தில், பறக்கத் தெரியாத ஒருவரை நிறுத்துவது எப்படிப் பயிற்சியாகும்?

இதனால்தான் நல்ல திடல் என்பது பெரிய விஷயம். எங்கள் திடலில் குளிர்காலம் முடிந்ததும் ஒருவர் ஊர்தியை இன்னொருவர் சோதிக்கும் வழக்கம் இருக்கிறது. எஃகுக் கேபிளின்மேல் பருத்தித் துணியை ஓட்டிப் பார்ப்போம். ஓர் இழை அறுந்திருந்தாலும் நூல் அதில் சிக்கும். வெயிலில் கிடந்த இறக்கைத் துணியில் தையல் நூல் முதலில் நைந்துபோவதால், விரலால் தையலை நெருடிப் பார்ப்போம். எரிபொருள் ரப்பர்க் குழாயை வளைத்துப் பார்த்து, விறைத்திருந்தால் கழற்றி எறிவோம். இவையெல்லாம் எளிது. பல ஆண்டாகப் பறக்கும் பெரியவரிடம் போய், "ஐயா, இந்தக் கேபிளை மாற்றாமல் நீங்கள் ஏறக்கூடாது" என்று சொல்வதுதான் கடினம். எடையும் அப்படித்தான். மின் ஸ்டார்ட்டரும் பிரேக்கும் பெரிய எஞ்சினும் பூட்டிய ஊர்தி 254 பவுண்டுக்குள் அடங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் தராசைக் கொண்டுவருவதில்லை. எடை கூடியவை எல்லாம் ஆபத்தானவை என்று சொல்லமாட்டேன், சில நன்றாகவே உறுதியாக இருக்கும். ஆனால் ஒரு பொய்யைக் கூடிக் காப்பாற்றும் குழுவில் அடுத்த கேள்வியைக் கேட்கும் துணிவு யாருக்கும் வராது.

சத்தத்தையும் நான் பாதுகாப்புப் பிரச்சினையாகவே கருதுகிறேன். ஒரே வீட்டின்மேல் ஞாயிறு காலையில் வட்டமடித்தால் அந்த வீட்டார் மாவட்ட நிர்வாகத்திடம் போவார்கள், திடல் போய்விடும். பிறகு ஒவ்வொருவரும் தனித்தனி வயலிலிருந்து, பார்ப்பதற்கு ஆளின்றிப் பறப்பார்கள்.

தொடங்க விரும்பினால், ஊர்திக்குக் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு இருக்கை இலகு விமானத்தில் உரிமம் பெற்ற பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மேலேறும்போது விசையைக் குறைத்துவிடச் சொல்லி, மூக்கைத் தாழ்த்துவது கையோடு பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ராக்கெட் விசையில் விரியும் பாராசூட்டையும் பொருத்துங்கள். அதற்கென 24 பவுண்டு கூடுதல் எடை கணக்கில் விட்டுக்கொடுக்கப்படுகிறது. மிகத் தாழ்வாக இருக்கும்போது அது விரிய நேரமிருக்காது என்பதை நினைவில் வையுங்கள். வெடிக்காத ராக்கெட் மீட்பவரைக் காயப்படுத்தக்கூடும் என்பதால், எங்கள் பகுதித் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களைத் திடலுக்கு அழைத்து, எந்தக் குழாயை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வோர் ஊர்தியிலும் காட்டியிருக்கிறோம்.