பனிச் சின்னமுள்ள ரயர் வன்னிச் சேற்றுக்குப் பொருந்துமா?

கனடாவிலுள்ள அண்ணன் பரிந்துரைத்த, பனிச் சின்னமுள்ள ஓல்-ரெரெய்ன் (தார் வீதிக்கும் கரடுமுரடான நிலத்துக்கும் பொதுவான) ரயரை முல்லைத்தீவில் ஓடும் ஜீப்புக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் அந்தச் சின்னத்துக்காக மேலதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம், இறுகிய பனியில் ஒப்பீட்டு ரயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை சோதனையில் கிடைத்ததைக் குறிக்கிறது. சேறு, பனி என்பதைக் குறிக்கும் ‘எம்+எஸ்’ (M+S) என்ற எழுத்துகளுக்கு அத்தகைய சோதனை தேவையில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயமாக உள்ள, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அச்சின்னம் அவசியம்.

நம் மாரிக்குத் தேவை வேறு. ரயரின் வெட்டுகளில் அடைபட்ட பனி, நிலத்திலுள்ள பனியைப் பற்றிக்கொள்ளும். வயல் வீதிக் களிமண் அவ்வாறு அடைபட்டாலோ, ரயர் வழுக்கும் உருளையாகிவிடும். ஆகவே, ரயரின் ஓரத்திலுள்ள இறப்பர்க் கட்டைகளுக்கிடையே விரல் தாராளமாக நுழைகிறதா என்று கடையிலேயே தொட்டுப் பாருங்கள். சேற்றை உதறித் தள்ளுவது அந்த இடைவெளிதான். முழுமையான குளிர்கால ரயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதன் மென்மையான இறப்பர் ஏ9 வீதியின் வெயிலில் விரைவாகத் தேயும்.

பாவித்த ரயராயின், பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களை வாசியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.