டஸ்கனி குன்றுகளில் சைக்கிள்: எந்தச் சாலை, எந்த கியர்?

கேள்வி: நானும் கணவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தினமும் 30, 40 கி.மீ. சைக்கிள் மிதிக்கிறோம், எல்லாம் சமதரையில். வரும் மே மாதம் இத்தாலியில் ஒரு வாரம் கிடைக்கிறது. டஸ்கனிப் பக்கம் கார், லாரித் தொல்லை இல்லாமல் ஓட்ட முடியுமா? எந்த வழியாகப் போகலாம்? சைக்கிளைக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா?

பதில்: முடியும். ஆனால் ஏறத் தயாராக இருக்க வேண்டும். டஸ்கனியின் பழைய சாலைகள் பெரும்பாலும் குன்றின் முதுகில் ஓடுகின்றன. கீழே சதுப்பு, சரிவில் மழைக்கு நகரும் களிமண் என்றிருந்த காலத்தில் அதுதான் உறுதியான தரை. பின்னால் வந்த ரயிலும் நெடுஞ்சாலையும் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டன. இன்றைய கார்களும் அங்கேதான் ஓடுகின்றன. ஆகவே வரைபடத்தில் ஆற்றை ஒட்டி நேராகப் போகும் கோடு கண்ணில் பட்டால் அதை விடுங்கள். முகட்டில் நெளியும் மெல்லிய கோடுதான் உங்கள் சாலை.

சாலை எண்ணின் முன்னெழுத்தும் உதவும். எஸ்.எஸ்., எஸ்.ஆர். என்று தொடங்குபவை பெரியவை; எஸ்.பி. மாகாணச் சாலை, அவற்றில் பாதியளவுதான் அமைதியானவை. சியெனா–பிளாரன்ஸ் இடையிலான நான்குவழிச் சாலையில் சைக்கிளுக்கே அனுமதி இல்லை. எண் இல்லாத வெண்ணிறச் சரளைச் சாலைகளை அங்கே ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்கிறார்கள். நீங்கள் தேடுவது இவைதான்.

ஒரு வாரத்துக்கு நாங்கள் சொல்லும் வழி இது. பிளாரன்ஸிலிருந்து ரயிலில் அரெட்ஸோ. அங்கிருந்து கியூஸி வரை கால்வாய்க் கரையோடு 62 கி.மீ. ‘சென்தியேரோ தெல்லா போனிஃபிகா’ பாதை. சதுப்பை வடிக்க வெட்டிய கால்வாய் என்பதால் ஏற்றமே கிடையாது. இதை ஒரே நாளில் முடிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். வாடகை சைக்கிள், பை, வலப்பக்கப் போக்குவரத்து மூன்றுக்கும் உடம்பு பழக இந்த இரண்டு நாள் வேண்டும். மூன்றாம் நாள் மோந்தெபுல்ச்சானோ ஏற்றம்: சமவெளியிலிருந்து சுமார் 350 மீட்டர். அங்கிருந்து பியென்ஸாவுக்கு நேர்ச்சாலையில் சுற்றுலா வண்டிகள் அதிகம், மோந்திக்கியெல்லோ வழியாகச் சுற்றிப் போங்கள். பிறகு சான் குவிரிகோ. அடுத்து வடக்கே காசியா நெடுஞ்சாலையைத் தவிர்த்து, தொர்ரெனியேரி, லூச்சிஞ்ஞானோ தாஸ்ஸோ, சான் ஜொவான்னி தாஸ்ஸோ வழியாக அஷானோ. கடைசியாக லவ்ரெதானா சாலையில் சியெனா. இது தார்ச்சாலைதான், ஆனாலும் வண்டிகள் குறைவு. அஷானோவிலிருந்து மோந்தே சாந்தே மாரியே சரளைப் பாதையும் உண்டு. பந்தய வீரர்களையே தள்ளாட வைக்கும் 11.5 கி.மீ. அது, முதல் பயணத்தில் வேண்டாம்.

கால் ஓய்ந்தால் கியூஸி–அஷானோ–சியெனா ரயில் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிள் குறி போட்ட பிராந்திய ரயிலில் தனிச் சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். அதிவேக ரயிலில் கழற்றிப் பைக்குள் போட்டால்தான் விடுவார்கள்.

இனி கியர். மலையில் முழங்கால் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கணக்கைப் பாருங்கள். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 95 கிலோ. பத்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5 கி.மீ. போகவே ஏறக்குறைய 145 வாட் திறன் வேண்டும். பழகிய கால் அதைக் கொஞ்ச நேரம் தரும், அதற்குமேல் கேட்கக்கூடாது. அந்த வேகத்தில், முன்னால் (மிதிகட்டைப் பக்கப் பல்சக்கரத்தில்) 34 பல், பின்னால் 28 பல் உள்ள சாலை சைக்கிளில் நிமிடத்துக்கு 32 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு சுற்றும் முட்டியை அழுத்தும். முன் 30, பின் 36 என்றால் 47 சுற்று. முன் 26 கிடைத்தால் 54 சுற்று, உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். முன்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கட்டும். சமமாக இருந்தால்கூட உங்களுக்குப் போதாது.

ஒரு வாரத்துக்காகச் சைக்கிளை விமானத்தில் ஏற்றுவது வீண் செலவு. வாடகைக்கு எடுங்கள். ‘மலைக்கு ஏற்ற சைக்கிளா?’ என்று கேட்டால் எந்தக் கடையும் ஆமாம் என்றுதான் சொல்லும். பல் எண்ணிக்கையையும் டயர் அகலத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டயர் 38 முதல் 42 மி.மீ. உங்கள் எடை 65, 70 கிலோ என்றால் 40 மி.மீ. டயருக்கு முன்னால் 35, பின்னால் 40 பி.எஸ்.ஐ. காற்று போதும். கல்லாக அடைத்தால் சரளை மேல் சக்கரம் துள்ளும், பிடிப்பு போகும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பிரேக்கைச் சோதியுங்கள். நம் ஊர்ச் சைக்கிளில் முன் பிரேக் வலக்கையில் இருக்கும்; ஐரோப்பாவில் பெரும்பாலும் இடக்கையில். சரளை இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளும். மாற்றிப் பூட்டித் தரச் சொல்லலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் தயங்குவார்கள். அப்போது அந்த இரண்டு சமதரை நாளில் கையைப் பழக்குங்கள். இறக்கத்தில் வேகத்தை வளைவுக்கு முன்னரே குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் தொடாதீர்கள். உதிரிச் சரளை வளைவின் வெளி ஓரத்தில்தான் குவிந்திருக்கும். கார்ச் சக்கரம் அழுத்திய தடத்திலேயே போங்கள்.

மேயில் மழை வரலாம். அஷானோ சுற்றுப்புறம் முழுக்கக் களிமண். ஈரமானால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். அழுத்தி மிதித்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உடையும், அது சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. உதிரி ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். மழை நாளில் தார்ச்சாலை.

ஒரு நாளின் நேரத்தைக் கணிக்க: 18 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 400 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 50 கி.மீ., 800 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மிதிக்க மட்டும். தினமும் 40 கி.மீ.க்கு மேல் திட்டமிட வேண்டாம். சிற்றூர்க் கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடிக்கிடக்கும். சாப்பாடும் தண்ணீரும் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மறந்தால் இடுகாட்டைத் தேடுங்கள், அங்கே அநேகமாகக் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

இத்தனை ஏற்றமும் மலைப்பாக இருந்தால் பக்கத்து மாநிலமான உம்பிரியாவைப் பாருங்கள். அசிசி–ஸ்போலெத்தோ சைக்கிள் பாதை சுமார் 50 கி.மீ., சமதரை. ஸ்போலெத்தோவிலிருந்து நோர்ச்சா நோக்கி 1926 முதல் 1968 வரை ரயில் ஓடிய தடம் இன்று சைக்கிளுக்கானது. ரயில் ஏறிய பாதை என்பதால் செங்குத்து அதிகபட்சம் 4.5 சதவீதம். நடுவில் இரண்டு கி.மீ. நீளச் சுரங்கம் கும்மிருட்டு. நல்ல விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் இல்லாமல் நுழையாதீர்கள். சுரங்கம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே ஸ்போலெத்தோவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மின்சைக்கிளும் நல்ல யோசனைதான், ஆனால் அங்கேயே எடுக்க வேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணி விமானத்தில் விடமாட்டார்கள். மின்சைக்கிளில் இருப்பது அதைவிடப் பெரியது. 500 வாட்-மணி பேட்டரிக்கு, நடுத்தர உதவியில், ஒரு நாளைக்கு 1,000 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் பதியும்போதே, இரவில் சைக்கிளைப் பூட்டி வைக்கும் அறையில் சார்ஜ் போடப் பிளக் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.