தோழியை இழந்த மாணவிகளிடம் தமிழ் ஆசிரியர் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறாரே, பள்ளியில் புகார் கொடுக்கலாமா?

மகளுடைய தமிழ் வகுப்புத் தோழி இறந்து பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் ஆசிரியர் "அழுதது போதும், தேர்வைப் பாருங்கள்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது. எங்களுக்கும் இதேதான் நடந்தது.

2010இல் நான் சிங்கப்பூரில் உயர்நிலை நான்கு படித்தேன். தமிழுக்கு மொத்தமே ஒன்பது பேர். ஏப்ரலில் ஒரு செவ்வாய் விடியற்காலை, அதில் ஒருவன் ஆஸ்துமாவில் போய்விட்டான்.

சீன நண்பர்கள் வீட்டுச் சாவு என்றால் அடுக்குமாடி புளோக் கீழே உடலை மூன்று நாள், ஐந்து நாள்கூட வைத்திருப்பார்கள். பள்ளி விட்டுச் சீருடையோடே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நம் வீடுகளில் அப்படியா? அன்று மாலையே மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். எங்களுக்கோ இரண்டரை மணிக்குக் கூடுதல் வகுப்பு. "போகவிடுங்க டீச்சர்" என்று கெஞ்சினோம். பெற்றோர் கடிதம் இல்லாமல் அனுப்ப முடியாது, மே கடைசியில் தேர்வு என்று சொல்லிக் கட்டுரைத் தாளைக் கொடுத்தார். எட்டுப் பேரும் ஒரு வரி எழுதவில்லை.

அப்புறம் நாற்காலிச் சண்டை. அவன் நாற்காலியை அவர் பின்னால் தள்ளிவைப்பார், நாங்கள் பழைய இடத்துக்கே இழுத்துவருவோம். ஒருநாள் நான் எழுந்து கத்திவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. பதினாறாம் நாள் காரியம் எப்போது என்று அவன் வீட்டில் விசாரித்தார். எட்டு வீட்டிலும் கடிதம் வாங்கிப் பள்ளி ஆலோசகரிடம் கொடுத்தார். டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவைத்தார். அங்கே அவன் அம்மா ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் கேட்டுச் சோறு போட்டார். அவனுடைய தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். அன்றுதான் நான் அழுதேன். மறுநாள் நாற்காலியை யாரும் இழுத்துவரவில்லை.

அந்தக் கடித விதி சரிதான் என்று இன்று புரிகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளை யார் பொறுப்பில் வெளியே அனுப்புவது? தேர்வைப் பற்றிய அவர் பயமும் பொய்யில்லை. ஆனால் அந்த நாற்காலியை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அதனால் புகார் இப்போது வேண்டாம். ஆலோசகரைப் பாருங்கள். மகள் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை வெறுத்து ஏதாவது பேசினால் நேரம் பார்க்காமல் சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் (SOS) உதவி எண் 1767க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்று, தோழி வீட்டில் பதினாறாம் நாள் செய்வதாக இருந்தால் இன்னும் ஆறே நாள்தான் இருக்கிறது. எப்போது, எத்தனை மணிக்கு என்று இன்றே கேட்டுவிடுங்கள். கடிதத்தை நாளைக் காலை மகள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.