இடம் மாறிய அன்ரனா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. கூரை மாற்றினார்கள், அல்லது மேல்மாடி கட்டினார்கள். அதற்காக அன்ரனாவை இடம் மாற்றினார்கள். அன்றிலிருந்து படம் சரியில்லை. எல்லோரும் ரீவியின் பெயரையும் அங்குலத்தையும் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள். அன்ரனா எந்தத் திசையைப் பார்க்கிறது, கேபிள் எத்தனை மீற்றர், நடுவில் எத்தனை இணைப்பு என்பவற்றை எழுதியவர்கள் மிகச் சிலரே. அடுத்த முறை இந்த மூன்றையும் எழுதுங்கள். ரீவியின் பெயர் எனக்குத் தேவையில்லை.

கேள்வி (உப்புவெளி): முன்கூரையிலிருந்த அன்ரனாவைப் பின்கூரைக்கு மாற்றினோம். இப்போது எல்லா அலைவரிசைகளிலும் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. ரீவி பழுதாகிவிட்டதா?

பதில்: இல்லை. எல்லா அலைவரிசைகளும் ஒரே நாளில் கெட்டால் திசையையோ கேபிளையோதான் சந்தேகிக்க வேண்டும். நமக்கு ரீவி அலையை அனுப்பும் கோபுரங்கள் நிற்கும் பிதுருதலாகலை மலை, திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவில், நேர் தெற்கிலிருந்து சுமார் 15 பாகை மேற்கே இருக்கிறது. இவ்வளவு தூரம் வரும் அலை மெலிந்தே வந்து சேர்வதால், அருகில் கோபுரம் உள்ள ஊர்களில் பொறுத்துக்கொள்ளக்கூடிய திசைப் பிழை இங்கே படத்தைக் கெடுத்துவிடும். ஒருவர் அன்ரனா நிற்கும் குழாயைச் சிறிது சிறிதாகத் திருப்ப, மற்றவர் ரீவியின் முன்னிருந்து குரல் கொடுக்கட்டும். திருப்பும்போது நன்றாகத் தெரியும் அலைவரிசையை வைத்துக்கொள்ளாதீர்கள். அது எந்தத் திசையிலும் ஓரளவு தெரியும். மிக மோசமாகத் தெரிவதை வைத்துத் திருப்புங்கள். ஏணியை மின்கம்பி உள்ள பக்கம் சாய்க்காதீர்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): கொக்காவில் கோபுரம் பிதுருதலாகலையை விடக் கிட்ட இருப்பதால் அந்தப் பக்கம் திருப்பினேன். படம் வருகிறது, போகிறது. ஏன்?

பதில்: கிட்ட இருப்பது உண்மைதான், ஏறத்தாழ 120 கிலோமீற்றர். ஆனால் இந்த அலைகளுக்குத் தூரத்தை விட உயரமே முக்கியம். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், பூமியின் வளைவு மறைப்பதற்கு முன் அலை எத்தனை கிலோமீற்றர் போகும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். பிதுருதலாகலையின் 2524 மீற்றருக்கு அது 200 கிலோமீற்றர். 2011 இல் மீண்டும் திறக்கப்பட்ட கொக்காவில் கோபுரத்தின் உயரம் 170 மீற்றருக்குச் சற்று மேல். நிலத்தின் உயரத்தையும் சேர்த்தாலும் 60 கிலோமீற்றரைத் தாண்டாது. ஆகவே நீங்கள் பிடிப்பது வளிமண்டலம் தயவு வைக்கும் நேரத்தில் வளைந்து வரும் மிச்ச அலையைத்தான். தெற்கே திருப்புங்கள். வழியில் மலைகள் இருப்பதால் அதுவும் தாராளமாக வராது, ஆனாலும் நிலையாக வரும்.

கேள்வி (அன்புவழிபுரம்): திசை சரி, கேபிள் புதியது, இணைப்பே இல்லை. ஆனாலும் படம் மங்கல். அன்ரனாவின் நீளக் குச்சி தெற்கைப் பார்க்கிறது.

பதில்: அன்ரனாவைப் பின்புறமாகப் பூட்டியிருக்கிறீர்கள். குட்டைக் குச்சிகள் உள்ள முனையே முன்பக்கம்.

கேள்வி (நகரம்): பக்கத்து வளவில் புதிய மாடிக் கட்டடம் எழுந்ததால் அன்ரனாவைத் தள்ளி வைத்தோம். இப்போது ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கத்தில் ஒரு நிழல் முகம் தெரிகிறது. 32 அங்குல ரீவி.

பதில்: இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அங்குலம் பயன்படுகிறது. நேராக வரும் அலையோடு, எதிலோ பட்டுத் தெறித்த அலையும் சற்றுப் பிந்தி வந்து சேர்வதே நிழலுக்குக் காரணம். உங்கள் திரையில் ஒரு சென்ரிமீற்றர் விலகல் என்றால், தெறித்த அலை ஏறத்தாழ 200 மீற்றர் கூடுதலாகப் பயணித்திருக்கிறது. நிழல் 2 சென்ரிமீற்றர் தள்ளித் தெரிந்தால், அன்ரனாவுக்கு நேர் பின்னால் அதில் பாதித் தூரத்தில், அதாவது 200 மீற்றரில், என்ன நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு தண்ணீர்த் தாங்கியோ தகரச் சுவரோ உயர்ந்த கட்டடமோ இருக்கும். அதை அகற்ற உங்களால் முடியாது, ஆனால் அன்ரனாவைப் பக்கவாட்டில் ஒன்றிரண்டு மீற்றர் நகர்த்தலாம்; சில இடங்களில் உயர்த்துவதை விடத் தாழ்த்துவது நல்ல பலன் தரும். நிழல் சில மில்லிமீற்றரே தள்ளி, எழுத்துகளின் ஓரம் இழுபட்டது போலத் தெரிந்தால் கட்டடத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், குற்றவாளி கேபிள்.

கேள்வி (பாலையூற்று): அன்ரனாவைப் பின்வளவுக்குக் கொண்டுபோனதால் கேபிள் போதவில்லை. பழையதோடு இன்னொரு துண்டைச் சேர்த்தோம். படம் மங்கியது. கடையில் பூஸ்ரர் தந்தார்கள். அது போதாமல் இன்னொன்றும் வாங்கினோம். இப்போது சாய்ந்த கோடுகளும் வருகின்றன. மூன்றாவது வைக்கலாமா?

பதில்: கூடாது. உள்ள இரண்டையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மேற்கொண்டு வாசியுங்கள். படம் மங்கல் என்று சொன்னவுடனே, கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பூஸ்ரர் பெட்டியை எடுத்து நீட்டும் வழக்கத்தை இந்தப் பகுதியில் நான் பல முறை கண்டித்துவிட்டேன். அது நிற்கும் வரை கண்டிப்பேன். பூஸ்ரர் அலையை உண்டாக்குவதில்லை. தன்னிடம் வந்து சேர்வதைப் பெருக்குவது மட்டுமே அதன் வேலை. வந்து சேர்வதில் பாதி இரைச்சல் என்றால் அந்த இரைச்சலும் அதே மடங்கு பெருகும், போதாததற்குத் தன் சொந்த இரைச்சலையும் அது கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது பூஸ்ரர் வலுவான அலைவரிசைகளைத் தாங்க முடியாமல் திணறி, ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடும். உங்கள் சாய்ந்த கோடுகள் அப்படி வந்தவையே.

நோயின் வேர் நீங்கள் சேர்த்த இடத்தில் இருக்கிறது. எப்படிச் சேர்த்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: நடுக்கம்பியை நடுக்கம்பியோடு முறுக்கி, வெளி வலையை வெளி வலையோடு முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருப்பீர்கள். கேபிள் முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டிய 75 ஓம் மின்மறுப்பு அந்த இடத்தில் குலைந்து, அலையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும். அதைவிடப் பெரிய கேடு உப்பு. திருகோணமலையில் கடல் எந்த வீட்டுக்கும் தூரமில்லை. ஒரு வாடைக் காலம் முடிவதற்குள் டேப்பின் பசை இளகி, ஈரம் உள்ளே இறங்கிவிடும். டேப்பை உரித்துப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருக்கும், உள்ளிருக்கும் வெள்ளை நுரை பழுப்பாகியிருக்கும், கறுத்துப்போன வலையை விரலால் தேய்த்தால் உமி போல உதிரும். வலைக்குள் புகுந்த நீர் இணைப்போடு நிற்பதில்லை, மீற்றர் கணக்கில் உள்ளே ஊறிச் செல்லும். ஆகவே இணைப்பை மட்டும் வெட்டி எறிந்து பயனில்லை. அன்ரனாவிலிருந்து ரீவி வரை ஒரே துண்டாக, தரமான ஆர்ஜி-6 கேபிளைப் புதிதாக இழுங்கள்.

அதன் பிறகு தேவைப்பட்டால் ஒரேயொரு பூஸ்ரர் வைக்கலாம், ஆனால் அதன் இடம் குழாயின் உச்சி. ரீவிக்குப் பின்னால் அன்று. ஆர்ஜி-6 கேபிளில் 20 மீற்றர் ஓடினாலே, யூஎச்எப் எனப்படும் நீளம் குறைந்த ரீவி அலையின் சக்தியில் பாதி போய்விடும், போனதைக் கீழே வைத்துப் பெருக்கி மீட்க முடியாது. உச்சியில் வைக்கும் பூஸ்ரருக்கு அதே கேபிள் வழியாகத்தான் மின் ஏறும். நடுவில் சாதாரண ஸ்பிளிற்றரை, அதாவது ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் பெட்டியை, போட்டால் மின் தடைப்பட்டு, பூஸ்ரர் செத்த நிலையில் அலையையும் மறித்துக்கொண்டு நிற்கும்.

கேள்வி (கிண்ணியா): மழை பெய்தால் படம் போகிறது, வெயில் எறித்தால் திரும்பி வருகிறது.

பதில்: மேலே உள்ள பதிலை வாசியுங்கள். புதிய கேபிளை வீட்டுக்குள் நுழைக்குமுன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். நீர் அங்கே சொட்டிவிடும். கூரைக்கு மேலே கேபிளின் நடுவில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது.

கேள்வி (மூதூர்): பழைய அன்ரனா துருப்பிடித்ததால் சிறிய புதிய ஒன்றைப் பூட்டினோம். மற்றவை எல்லாம் தெளிவு. ரூபவாஹினி மட்டும் தெரியவில்லை.

பதில்: உங்கள் புதிய அன்ரனாவின் குச்சிகள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான் இருக்கும், அவை யூஎச்எப் அலைக்கு அளவானவை. ரூபவாஹினி வருவது அதைவிட நீளமான வீஎச்எப் அலையில்; 200 மெகாஹேட்ஸ் அளவிலுள்ள அந்த அலைக்கு முக்கால் மீற்றர் குச்சி வேண்டும். இரண்டு வகைக் குச்சிகளும் உள்ள அன்ரனாவை வாங்குங்கள்.

கேள்வி (நிலாவெளி): "டிஜிற்றல் அன்ரனா" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இலங்கை டிஜிற்றல் ஒளிபரப்புக்கு ஐஎஸ்டிபி-ரி என்ற ஜப்பானிய முறையைத் தெரிந்தெடுத்தது 2014 இல். வீடுகளுக்கு வரும் அலை இன்னும் அனலொக்தான். அலை மாறினாலும் அலுமினியக் குச்சிக்கு அலையின் நீளம் மட்டுமே கணக்கு.

கேள்வி (பெயரும் ஊரும் இல்லை): ரீவி தெளிவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தை மீண்டும் எழுதலாம்.

கேள்வி (தம்பலகாமம்): காற்றில்லாத வெப்பமான இரவுகளில் மட்டும் படத்தின் குறுக்கே பட்டைகள் ஊர்கின்றன. காலையில் மறைந்துவிடுகின்றன.

பதில்: அன்ரனாவைத் தொடாதீர்கள். அத்தகைய இரவுகளில் கடலின் மேல் காற்று அடுக்கடுக்காகப் படிந்து, அதே அலைவரிசையில் இயங்கும் தூரத்து நிலையமொன்றின் அலையை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. காற்று எழும்பினால் கலைந்துவிடும்.

கேள்வி (உவர்மலை): வீட்டின் ஓரமாக மின்கம்பி போகிறது. அந்த மூலையில்தான் படம் நன்றாக வருகிறது. அங்கேயே 6 மீற்றர் குழாய் நாட்டலாமா?

பதில்: நாட்டக் கூடாது. குழாய் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்; 6 மீற்றர் குழாய்க்குக் குறைந்தது 9 மீற்றர் தள்ளியே நில்லுங்கள். நாட்டும்போது கையிலிருந்து நழுவும் குழாய்க்கும் இதே கணக்குத்தான். படம் சற்று மங்கலாக வரும் மறு மூலையில் நாட்டி, குழாயை நிலத்தோடு தடித்த செப்புக் கம்பியால் இணைத்து, இடி முழங்கும் மாலைகளில் கேபிளை ரீவியிலிருந்து கழற்றி வையுங்கள்.