ஃபிராக்கிங்: மக்கள் என்ன நினைக்கிறார்கள்? – வாசகர் கேள்விகள்

கே: ஃபிராக்கிங்குக்கு மக்கள் ஆதரவு எத்தனை சதவீதம்?

ஃபிராக்கிங் என்றால், நீர், மணல், ரசாயனக் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி, ஆழத்திலுள்ள பாறையை உடைத்து எரிவாயு, எண்ணெய் எடுப்பது. இனி கேள்விக்கு வருவோம்: எந்த நாட்டில், எந்த ஆண்டில்? ஒன்றும் எழுதாமல் எண் கேட்டால் எப்படி? பிரிட்டன் அரசின் கருத்துக்கணிப்புகளில் ஏறக்குறைய பாதிப்பேர் "ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை" என்றுதான் சொல்லிவந்தார்கள். கேட்ட கேள்வியைப் பார்க்காமல் சதவீதத்தை நம்பாதீர்கள்.

கே: குழாய்த் தண்ணீர் தீப்பிடிக்கும் வீடியோ கட்டுக்கதைதானே?

தீப்பிடிப்பது நிஜம், எரிவது மீத்தேன். சில இடங்களில் அது நிலத்தடி நீரில் இயற்கையாகவே இருக்கும். சில இடங்களில் எரிவாயுக் கிணற்றின் சிமெண்ட் சரியில்லாமல் கசிந்து வரும். எந்த ஊர், எந்தக் கிணறு என்று பார்க்காமல் சத்தியம் செய்யாதீர்கள்.

கே: நிலநடுக்கம் வருமா?

வரும். 2019-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் 2.9 அளவில் வந்தது ஃபிராக்கிங்கால். அதன்பின் இங்கிலாந்தில் ஃபிராக்கிங்கை நிறுத்திவைத்தார்கள். 2016-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவை உலுக்கிய 5.8, எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதால் வந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

கே: விவரம் தெரியாததால்தானே எதிர்க்கிறார்கள்? விளக்கக் கூட்டம் போட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே கை சலித்துவிட்டது. டெக்சஸின் டென்டன் நகரைப் பாருங்கள். நகர எல்லைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான எரிவாயுக் கிணறுகள். வருடக்கணக்கில் அவற்றோடு குடியிருந்தவர்கள் 2014-இல் வாக்கெடுப்பில் தடை கேட்டார்கள். ஏறத்தாழ 60 சதவீதம். அடுத்த வருடமே மாநிலச் சட்டமன்றம் தடை செய்யும் அதிகாரத்தை நகரங்களிடமிருந்து பறித்துக்கொண்டது. இவர்களுக்கு யார் போய் என்ன வகுப்பு எடுப்பது?

காசு யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் நிலத்துக்கு அடியிலுள்ள எரிவாயு தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம்; எடுக்கும் எரிவாயுவுக்கு அவருக்கு ராயல்டி (பங்குத்தொகை) வரும். அந்த உரிமையை முந்தைய சொந்தக்காரர் தனியே விற்றிருந்தால், இப்போது குடியிருப்பவருக்கு லாரிச் சத்தம்தான் மிச்சம். பிரிட்டனில் 1934 முதல் அது அரசுடைமை. 2005-இல் அமெரிக்கச் சட்டம் ஃபிராக்கிங்குக்குக் குடிநீர்ப் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்குக் கொடுத்தது, செலுத்தும் திரவத்தில் டீசல் கலந்தால் மட்டும் விலக்கில்லை. இத்தனையும் செய்துவிட்டு "நம்புங்கள்" என்றால் எவன் நம்புவான்?

கே: முதலில் தடை செய்த நாடு?

பிரான்ஸ், 2011.

கே: எரிவாயு விலை ஏறினால் எதிர்ப்பு அடங்கிவிடுமா?

2022-இல் விலை உச்சத்தில் இருந்தபோது பிரிட்டனில் லிஸ் டிரஸ் அரசு, இங்கிலாந்தில் ஃபிராக்கிங்குக்கு இருந்த தடையை நீக்கியது. அடுத்த மாதமே, அவருக்குப் பின் பிரதமரான ரிஷி சுனக் திரும்பப் போட்டார்.

கே: கல்லூரி ஆய்வுக்கான கேள்வித்தாளை இணைத்துள்ளேன். சரிபார்க்கவும்.

"மலிவான எரிவாயு வேண்டுமா?" என்று தொடங்குகிறீர்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்? அதைத் தூக்குங்கள். "தெரியாது" என்பதற்கு ஒரு கட்டம் போடுங்கள். பதில் சொல்பவரின் வீட்டுக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கவேயில்லை, சேருங்கள். சேர்த்துவிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.