காமாலை மகனுக்கு, கவலை யாருக்கு?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். காய்ச்சல், வாந்தி, அப்புறம் கண் மஞ்சள் என்று ஒன்பது நாட்களுக்கு முன் வீட்டுக்கு வந்தான். விடுதியில் இன்னும் சிலருக்கும் இப்படித்தானாம். ரத்தம் பார்த்துவிட்டு ஹெபடைடிஸ் ஏ என்றார் டாக்டர். அப்போது எஸ்ஜிபிடி 2,140, பிலிருபின் 7.8. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எஸ்ஜிபிடி 640 ஆகக் குறைந்திருக்கிறது, பிலிருபின் மட்டும் 11.2 ஆக ஏறியிருக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு வேறு. மாமியார் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறார். உப்பு, எண்ணெய், புளி, மஞ்சள் தூள் எதையும் கண்ணில் காட்டக் கூடாது என்கிறார். பக்கத்து ஊரில் மூக்கில் சாறு விட்டு மஞ்சளை இறக்குகிறார்களாம், கூட்டிப் போகலாமா? மகளுக்கு 12 வயது, அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? கணவருக்கு 48 வயது, தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பார். அவருக்கும் சேர்த்து ரத்தம் பார்த்தோம்: எஸ்ஜிஓடி 112, எஸ்ஜிபிடி 48, பிலிருபின் 1.1, தட்டணுக்கள் 1.2 லட்சம். ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், மண்ணீரல் லேசாகப் பெரிது என்று எழுதியிருக்கிறது. "எனக்குத்தான் காமாலை இல்லையே" என்று அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார்.
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் நாள் கணக்கு இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போனபின் நோயாக வெளிப்பட சராசரியாக நான்கு வாரம் ஆகும். கிருமியோடு தொடர்பு ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் நோய் வராமல் தடுத்துவிடலாம். பையன் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது என்கிறீர்கள். ஆகவே தாமதிக்காமல் போடுங்கள். சிறு வயதில் போட்ட காமாலை ஊசி போதாதா என்று கேட்கலாம். அது ஹெபடைடிஸ் பி-க்கானது. ஏ-க்கான ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, தனியாகக் கேட்டு வாங்கித்தான் போட வேண்டும்.

இந்தக் கிருமி மலத்தின் வழியாக வெளியேறி, தண்ணீர், உணவு, கை வழியாக அடுத்தவர் வாய்க்குள் போகிறது. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கிப் பையனைத் திண்ணையில் உட்கார வைப்பதில் பெரிய பயன் இல்லை. கழிவறைக்குப் போய்வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில்தான் பயன் இருக்கிறது. கையில் தடவும் சானிடைசரை இந்தக் கிருமி விஷயத்தில் நம்ப வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆகட்டும். கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வையுங்கள். இன்னொன்று, கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் கிருமி அதிகமாக வெளியேறும். மஞ்சள் தெரிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு அனேகமாகப் பரவாது.

சரி, உங்களைத் தூங்கவிடாத பிலிருபினுக்கு வருவோம். எஸ்ஜிபிடி கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதி. செல் சிதையும்போது ரத்தத்தில் கொட்டும், சிதைவது நின்றால் மளமளவென்று இறங்கும். பிலிருபின் கதை வேறு. சிவப்பணுக்கள் 120 நாள் போல வாழ்ந்து அழியும்போது உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவு அது. கல்லீரல்தான் அதைப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்ப வேண்டும். வீங்கிய கல்லீரலில் பித்தம் போகும் நுண்ணிய வழிகள் திறந்துகொள்ளச் சில நாள் கூடுதலாகவே ஆகும். அதுவரை பிலிருபின் ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அரிப்பு வருவதும் இந்தக் கட்டத்தில்தான். அதோடு, ஒரு பகுதி பிலிருபின் ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அல்புமின் இரண்டு மூன்று வாரம் ரத்தத்திலேயே சுற்றும், ஒட்டியதும் கூடவே சுற்றும். சிறுநீர் தெளிந்து, பசி வந்து, பையன் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் கண் மட்டும் மஞ்சளாகவே இருப்பது இதனால்தான். ஆகவே, தினமும் இமையை இழுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, காலையில் போகும் முதல் சிறுநீர் தேநீர் நிறத்திலிருந்து வெளுக்கிறதா, வெளிறிப் போன மலத்துக்கு நிறம் திரும்புகிறதா, இன்னொரு இட்லி கேட்கிறானா என்று பாருங்கள்.

ஆனால் எஸ்ஜிபிடி இறங்குவது நல்ல செய்திதான் என்று உறுதியாகச் சொல்ல இன்னொரு எண் வேண்டும், உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஐஎன்ஆர். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை. உறையவைக்கும் புரதங்களைச் செய்வது கல்லீரல் என்பதால், அது வேலை செய்கிறதா என்பதை இதைவிடச் சீக்கிரம் காட்டும் எண் இல்லை. இயல்பு 1-ஐ ஒட்டி. எஸ்ஜிபிடி குறைந்து ஐஎன்ஆரும் இயல்பாக இருந்தால் கல்லீரல் தேறிவருகிறது. எஸ்ஜிபிடி குறையக் குறைய ஐஎன்ஆர் 1.5-ஐத் தாண்டி ஏறினால், சிதைய இனிச் செல்கள் மிச்சமில்லை என்றுகூட அர்த்தமாகலாம். நாளையே பார்த்துவிடுங்கள். பையன் பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். கல்லீரல் மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோக வேண்டும். ஹெபடைடிஸ் ஏ-யில் இந்த நிலை அபூர்வம், நூற்றில் ஒருவருக்கும் குறைவு. காய்ச்சலையும் கவனியுங்கள். இந்தக் காமாலையில் மஞ்சள் தெரிந்ததும் காய்ச்சல் விட்டுவிடும். விடாமல் அடித்தால் எலிக்காய்ச்சலா, மலேரியாவா, பித்தநாளத்தில் அடைப்பா என்று தேட வேண்டும்.

இப்போது பத்தியம். உங்கள் மாமியாரின் அக்கறையைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பட்டியலில் மருத்துவக் காரணம் உள்ள விலக்கு ஒன்றுகூட இல்லை. உப்பைக் குறைக்கச் சொல்வது கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு. வாந்தி எடுத்துக் களைத்திருக்கும் பையனுக்கு உப்பையும் நிறுத்தினால் சோடியம் இறங்கி மயக்கமும் குழப்பமும் வரும். அதைப் பார்த்து மூளைக்கு ஏறிவிட்டது என்று வீடே பதறும். எண்ணெய், நெய்யால் கல்லீரலுக்குக் கெடுதல் இல்லை, வறுத்ததும் பொரித்ததும் குமட்டும் என்பதால் தவிர்க்கலாம், அவ்வளவுதான். குழம்பில் போடும் மஞ்சள் தூள் கண்ணுக்குப் போகாது.

எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. இந்த நோயில் குமட்டல் காலையில் குறைவாகவும் பொழுது சாயச் சாய அதிகமாகவும் இருக்கும். ஆகவே வயிறார உண்ணும் வேளை காலையாக இருக்கட்டும். இட்லியோ பொங்கலோ, கூடவே முட்டை, பால். மதியம் பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், பிடித்தால் மீன் குழம்பு. இரவுக்குக் கஞ்சி போதும். இளநீர், மோர், வீட்டில் பிழிந்த சாறு எல்லாம் நல்லதுதான், ஆனால் அதையே சாப்பாடாக்கிவிடாதீர்கள். குளுக்கோஸ் பொடிக்குத் தனி மகிமை கிடையாது. கரும்புச்சாறு காமாலைக்கு நல்லது என்று ரோட்டோர வண்டியில் ஐஸ் போட்டு வாங்கிக் கொடுப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பையனுக்கு நோய் வந்த வழியே அப்படிப்பட்ட ஐஸாக இருந்திருக்கலாம்.

கீழாநெல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க், சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து இந்தச் செடியை ஆராய்ந்தார். 1988-ல் வெளியான முடிவில், செடி கொடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து பி கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் பி-க்குச் செய்தது. ஏ வகைக் காமாலை செடி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்கு இரண்டு மாதத்துக்குள் தானே ஆறும், பேர் மட்டும் செடிக்குப் போய்விடும். இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். செடியை மாற்றிப் பறிக்கும் அபாயம் உண்டு, புண்பட்ட கல்லீரலுக்குக் கூடுதல் வேலையும் வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பல மருத்துவமனைகள் பார்த்தன. மூக்கில் சாறு விடும் இடத்துக்குக் கண்டிப்பாகப் போகாதீர்கள். மூக்கின் உட்தோல் எரிந்து மஞ்சளாக நீர் கொட்டும், அது பிலிருபின் அல்ல.

அரிப்புக்குப் பருத்திச் சட்டை, நகம் வெட்டுவது, வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பது. அப்படியும் தூங்க முடியாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். உடம்பு வலி என்று பாராசிட்டமாலை அள்ளிக் கொடுப்பதும் கூடாது. படுத்தே கிடக்க வேண்டியதில்லை, தெம்பு வந்தால் நடக்கட்டும், படிக்கட்டும். பத்தில் ஒருவருக்குச் சில வாரம் கழித்து மஞ்சள் ஒருமுறை திரும்பும், அதுவும் ஆறிவிடும்.

ஆக, உங்கள் வீட்டில் கண் மஞ்சளாக இருப்பவரைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. தாளை மடித்து வைத்தவரைப் பற்றித்தான் பயம். எஸ்ஜிஓடியும் அதே போன்ற ஒரு நொதிதான். அது எஸ்ஜிபிடியின் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது குடியால் கெட்ட கல்லீரலின் கைரேகை. தட்டணுக்கள் குறைந்து மண்ணீரல் பெரிதாகியிருப்பது, கல்லீரல் இறுகி ரத்தம் பின்னால் தேங்குகிறதோ என்று சந்தேகப்பட வைக்கிறது. வயது, இரண்டு நொதிகள், தட்டணுக்கள் இந்த நான்கையும் வைத்துப் போடும் ஒரு கணக்கு உண்டு. பெயர் ஃபிப்-4. 2.67-க்கு மேல் போனால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கணவருக்கு 6-க்கு மேல் வருகிறது. குடிப்பவர்களுக்கு இந்த எண் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதைக் கழித்தாலும் அலட்சியப்படுத்தும் எண் அல்ல. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவதுதான் சிரோசிஸ், அது பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். பலருக்கு முதல் அறிகுறியே ரத்த வாந்திதான்.

அவருக்குக் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பியில் பார்க்கச் சொல்லுங்கள். பி, சி கிருமிகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் அரசுத் திட்டத்தில் இலவச மருந்து உண்டு. சி என்றால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். கெட்ட கல்லீரலில் ஹெபடைடிஸ் ஏ தொற்றினால் நிலைமை மோசமாகும் என்பதால், அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மகளோடு அவருக்கும் ஊசி. அந்தத் தலைமுறையில் பலருக்குச் சிறுவயதிலேயே தொற்றிப்போய் எதிர்ப்பு இருக்கும்.

குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கூட முட்டையும் கறியும் சாப்பிட்டால் ஈரல் தாங்கும் என்பார், தாங்காது. ஆனால் நாளைக் காலையே பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரலாம். விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு அங்கே போய், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தச் சொல்லுங்கள்.