மதியம் ஓடுகிற ஆல்ஜினேட் கம்: பொடியைக் கூட்டலாமா?

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு ஸ்கிரீன் அச்சு போடுகிறோம். துணியோடு பிணையும் ரியாக்டிவ் சாயம், அதைக் கெட்டியாக்கக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கம். காலையில் கெட்டியாக இருக்கும் பசை மதியம் தண்ணியாகி, பூவின் ஓரம் கசிகிறது. பொடியைக் கூட்டினால் மறுநாள் ஸ்கிரீன் அடைக்கிறது. பொடி மட்டமா?

பதில்: முதலில் வெயிலைப் பாருங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆல்ஜினேட் கரைசல் சுமார் இரண்டரை சதவீதம் இளகும். காலை 27 டிகிரியில் கலக்கியது தகரக் கொட்டகையில் 40ஐத் தொட்டால் கெட்டித்தன்மையில் கால்பங்குக்கு மேல் போய்விடும். ஆறினால் திரும்பி வரும். மதியம் அள்ளிப்போட்ட பொடியும் சேர்ந்து பசை அளவுக்கு மீறிக் கெட்டியாகும். அடைப்பு அதனால்தான்.

காலைக் கம்முக்கு லிட்டருக்கு 40 கிராம் என்றால், மதியத்துக்குத் தனி வாளியில் சுமார் 44 கிராம் போதும். நாலு கிராம்தானா என்று கை நீளும், வேண்டாம். பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கி ஊறவிடுங்கள். சீக்கிரம் கரையட்டும் என்று அடுப்பில் ஏற்றாதீர்கள். வெகுநேரம் சூட்டில் கிடந்த கம் உள்ளுக்குள் அறுந்துபோகும், ஆறினாலும் கெட்டிப்படாது.

சூடு காரணமில்லாத இடம் ஒன்று உண்டு: போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பட்டால் ஆல்ஜினேட் காலையோ மதியமோ ஜெல்லியாகக் கட்டி தட்டும். அந்தச் சுண்ணாம்பைக் கட்டிப்போடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் தண்ணீரில் கரைத்த பிறகே பொடியைத் தூவுங்கள். கட்டி விழுந்தபின் போட்டுச் சரிசெய்வது சிரமம். நேற்று டேங்கர், இன்று போர் என்று மாற்றினால் எந்த அளவும் நிற்காது.

பொடியைச் சந்தேகிக்கவும் காரணம் உண்டு. ஆல்ஜினேட் என்ற பெயரில் கொத்தவரைப் பிசினைத் தள்ளிவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கால்சியம் குளோரைடு கரைத்து, கம்மைச் சொட்டுங்கள். ஆல்ஜினேட் ஜவ்வரிசி போல் உருண்டு நிற்கும்; கொத்தவரைப் பிசின் உருளாது. கொஞ்சமாகக் கலந்தது இதில் தப்பிவிடும். அலசிக் காய்ந்த பிறகும் அச்சு விறைப்பாக, நிறம் மங்கலாக இருந்தால் சாயம் துணியை விட்டுப் பிசினைப் பிடித்திருக்கிறது.

மண்டபம் பக்கத்துப் பாசியை மதுரையைச் சுற்றியே காய்ச்சுகிறார்கள். ஆனாலும் கை மாறி வரும் மூட்டையில் 'விஸ்காசிட்டி 400' (கெட்டித்தன்மை அளவு) என்று மட்டும் ஒரு தாள்! எத்தனை சதவீதக் கரைசல், எத்தனை டிகிரியில் அளந்தது என்று பலரும் கேட்பதில்லை. அந்த இரண்டு எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அரைக்கிலோ வாங்கிச் சோதித்த பிறகே மூட்டை எடுங்கள்.